1,20,000 ரூபாய்க்குக் கொசுவலை வாங்கினால் அதை எங்கே கட்டுவது?

பதிவு 1 · தோப்புக்காரன்

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலையை ஒட்டிய ஊர் எங்களுடையது. வீட்டில் தமிழும் பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளமுமாக வாழ்கிறவர்கள் நாங்கள். எங்கள் படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்குத் திரட்டிய பணத்தில் செலவு போக 1,20,000 ரூபாய் மிஞ்சியிருக்கிறது. கடந்த மாசி மாதம் எங்கள் பகுதிச் செங்கல் சூளை ஒன்றில் வேலை செய்யும் ஒடிசா இளைஞர்கள் இருவருக்கு மலேரியா உறுதியானதால், அந்தப் பணத்துக்குக் கொசுவலை வாங்கிக் கொடுக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது.

பேச்சு இப்போது இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. சூளைக் கொட்டகைகளுக்கும் அவற்றைச் சுற்றியுள்ள வீடுகளுக்கும் வலை கொடுப்போம் என்கிறார்கள் பெரியவர்கள். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனோ, அதே பணத்தை ஆப்பிரிக்காவில் வலை விநியோகம் செய்யும் அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புக்கு அனுப்பினால் பல மடங்கு பலன் கிடைக்கும் என்று கணக்குக் காட்டுகிறான். அவன் சொன்னதைக் கேட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அவன் கணக்கில் தவறு இருக்கிறது என்று ஒருவராலும் காட்ட முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் அந்தக் கணக்கைப் பிரித்துச் சொன்னால் அடுத்த கூட்டத்தில் வைத்துப் பேச உதவியாக இருக்கும்.

பதிவு 2 · கணக்கு வாத்தியார்

தோப்புக்காரர் ஐயாவுக்கு வணக்கம். அந்தப் பையன் சொல்லும் கணக்கு பெரும்பாலும் எந்த அறப்பணிக்குக் கொடுத்தால் எவ்வளவு பலன் என்று ஆராயும் கிவ்வெல் என்ற அமெரிக்க அமைப்பின் மதிப்பீட்டிலிருந்து வருவது. வலை விநியோகத்தின் மூலம் ஓர் உயிரைக் காப்பதற்கு ஏறத்தாழ 5,500 டாலர் ஆகிறது என்பது அவர்கள் சொல்லிவரும் எண். நாட்டுக்கு நாடு இது ஏறும், இறங்கும். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,67,500 ரூபாய். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கரும்பலகையில் நாமே போட்டுப் பார்க்கலாம்.

பூச்சிமருந்து ஏற்றிய வலைகளைக் கொண்டு ஆப்பிரிக்காவில் நடந்த பல கள ஆய்வுகளைத் தொகுத்த 2004ஆம் ஆண்டின் மறுஆய்வு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பினுடையது), வலையால் பாதுகாக்கப்பட்ட 1,000 குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5.5 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாகக் கூறுகிறது. அங்கே ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஆகவே 1,000 குழந்தைகளைச் சென்றடைய 6,000 பேர் வாழும் ஊர்களுக்கு வலை கொடுக்க வேண்டும். 1.8 பேருக்கு ஒரு வலை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கொள்முதல் விகிதம். அப்படியானால் 3,333 வலைகள். வலையின் விலை மட்டும் ஏறத்தாழ 2 டாலர்தான் என்றாலும், கப்பல், லாரி, கிடங்கு, வீடு வீடாகக் கணக்கெடுக்கும் ஆள் கூலி எல்லாம் சேர்ந்தால் 5 டாலர் என்று வைக்கலாம். மொத்தம் 16,667 டாலர். மூன்று ஆண்டு தாங்கும் என்று சொல்லப்படும் வலை நடைமுறையில் இரண்டு ஆண்டு உருப்படியாக இருக்கும் என்று கொண்டால், ஆண்டுக்கு 8,333 டாலர். இதை 5.5 ஆல் வகுத்தால் ஓர் உயிருக்கு ஏறத்தாழ 1,500 டாலர்.

அப்படியென்றால் 5,500 எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். அந்தக் கள ஆய்வுகள் 1980களிலும் 1990களிலும் நடந்தவை. அப்போது இருந்த குழந்தை இறப்பு விகிதம் இன்று பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆகவே தவிர்க்கக்கூடிய இறப்பும் பாதியாகிறது, செலவு இரட்டிப்பாகிறது. கொடுத்த வலையெல்லாம் கட்டப்படுவதில்லை. வலையில் உள்ள பைரித்ராய்டு மருந்துக்குக் கொசுக்கள் பழகிவிட்ட இடங்களும் நிறைய. இவற்றையும் கழித்தால் நம்முடைய கரும்பலகைக் கணக்கும் 5,000 டாலரை ஒட்டித்தான் வந்து நிற்கிறது. கிவ்வெல்லின் மாதிரியில் இன்னும் பல சேர்க்கைகளும் கழிவுகளும் உண்டு; எலும்புக்கூடு இதுதான்.

உங்கள் 1,20,000 ரூபாய் ஏறத்தாழ 1,410 டாலர். அதாவது 280 வலைகள், 500 பேர், கால் உயிர்.

இனி இதே கணக்கில் கொழிஞ்சாம்பாறையைப் போடுங்கள். உங்கள் ஊரில் மலேரியாவால் ஆண்டுக்கு எத்தனை குழந்தைகள் இறக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்.

பதிவு 3 · சத்தியவேட்டுக்காரன்

வாத்தியார் ஐயா, கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் “கால் உயிர்” என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. காலில் எந்தக் கால்? பெயரும் முகமும் இல்லாத ஒரு குழந்தையின் நான்கில் ஒரு பங்கைக் காப்பாற்றுவதற்காக, கண்ணெதிரே கொட்டகையில் கடிபட்டுக் கிடக்கிறவனைக் கடந்து போகச் சொல்கிறீர்களா?

இன்னொன்றும் உண்டு. நான் இருப்பது ஆந்திர எல்லையில். தடா, சூளூர்பேட்டை பக்கம் பழவேற்காடு ஏரிக்கரையில் இறால் குஞ்சு அள்ளும் பெண்கள் கொசுவலையை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆப்பிரிக்க ஏரிகளிலும் இதே கதை என்று படித்தேன். மீன் பிடிக்கப் போகிற வலைக்கு உயிர்க் கணக்குப் போட்டு என்ன பயன்?

பதிவு 4 · ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

நான் பாலக்காடு மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் களப்பணி பார்த்தவன். சத்தியவேட்டு நண்பர் பார்த்ததை நான் மறுக்கவில்லை. வலை வேறு வேலைக்குப் போவது உண்மை. என் அனுபவத்தில் மீனைவிடத் தக்காளி நாற்றங்காலும் கோழிக்கூடும்தான் அதிகம். அதைவிடவும் அதிகம், பெட்டிக்குள் போவது. மலையடிவாரக் குடியிருப்பு ஒன்றில் வலை கொடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டில் வலை கட்டியிருக்கவில்லை. கேட்டதற்கு அந்த அம்மா தகரப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காத வலையைப் புடவைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். “மகளுக்குச் சீர் வைக்க எடுத்து வைத்திருக்கிறேன் சார், புதுசாகவே இருக்கட்டும்” என்றார். வலையின் அருமை தெரியாதவர் அவர் என்று யாராவது சொல்ல முடியுமா? அன்றிலிருந்து, எத்தனை வலை கொடுத்தோம் என்ற பதிவேட்டை நான் நம்புவதில்லை. எத்தனை கட்டிலுக்கு மேல் தொங்குகிறது என்பதைத்தான் எண்ணுவேன். நல்ல விநியோக அமைப்புகளும் குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்து, மாதங்கள் கழித்துப் போய் எண்ணுகின்றன. வாத்தியார் கழித்த கழிவில் தக்காளி நாற்றங்காலும் அடக்கம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆப்பிரிக்காவில் வலை இவ்வளவு பலன் தருவதற்குக் காரணம் மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலஸ் கொசுவுக்கு அங்கே உள்ள குணம். அங்கே முதன்மையான இனங்கள் மனித ரத்தத்தையே நாடுபவை. நள்ளிரவில், வீட்டுக்குள், தூங்குகிறவரைக் கடிப்பவை. வலை அந்த வழியை நேராக மறிக்கிறது. அது தடுப்புச் சுவராக மட்டும் நிற்பதில்லை; வந்து உட்கார்ந்த கொசுவைக் கொல்லவும் செய்கிறது. அதனால்தான் கென்யாவில் நடந்த ஆய்வில், வலை கட்டிய வீடுகளுக்கு 300 மீட்டருக்குள் இருந்த வலையில்லாத வீடுகளுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது.

நம் நாட்டில் நிலைமை வேறு. கிராமப்புறத்தில் மலேரியாவைப் பரப்பும் குலிசிஃபேசிஸ் இனம் மனிதனைவிட மாட்டை அதிகம் நாடும். நகரத்தில் பரப்பும் ஸ்டீஃபென்சி இனம் மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் பெருகும். தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு நெடுங்காலம் சென்னையிலிருந்தே வந்ததற்கு அதுவே காரணம். அங்கே தொட்டிக்கு மூடி போடுவது வலை கொடுப்பதைவிடப் பயனுள்ளது. உங்கள் ஊருக்குள்ளேயே மலேரியா பரவுவது அரிது. வேறிடத்தில் தொற்றி, ரயிலேறி வருகிறது. ஊர்க்காரர்கள் கொசு என்றதும் அஞ்சுவது டெங்குவுக்கு. டெங்குக் கொசு பகலில் கடிக்கிறது. இரவில் கட்டும் வலை அதற்குப் பெரிதாக உதவாது, பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கு வேண்டுமானால் உதவும். சிரட்டையையும் பழைய டயரையும் கவிழ்த்துப் போட்டாலே போதும், அதற்குக் காசும் வேண்டாம்.

பழைய கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1947இல் இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 8 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அன்றைய மதிப்பீடு. 1953இல் தேசியத் திட்டம் தொடங்கி, வீடு வீடாக டி.டி.டி. அடித்து, 1965இல் அதை ஒரு லட்சம் நோயாளிகளாகக் குறைத்தார்கள். அத்தோடு நோய் ஒழிந்தது என்று கை தளர்ந்தது. 1976இல் 64 லட்சம். வயநாட்டில் குடியேறிய தலைமுறை இந்தக் காய்ச்சலிடம் பட்ட பாட்டை என் தகப்பனார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். “நம் ஊரில் இல்லை” என்பதை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பதிவு 5 · கரூர்த் தறி

ஒரு சிறு தகவல், விவாதத்துக்கு நேரடித் தொடர்பு இல்லையென்றாலும். இங்கே எல்லோரும் ஆப்பிரிக்க வலை, ஆப்பிரிக்க வலை என்று எழுதுகிறீர்கள்; அதில் கணிசமானவை எங்கள் கரூரில் பின்னப்பட்டவை. பாலிஎத்திலீன் குருணையோடு மருந்தைக் கலந்து நூலாக இழுக்கும்போது, மருந்து நூலுக்குள்ளேயே தங்கி, மேற்பரப்பு கழுவப்பட்டதும் உள்ளிருந்து மெல்ல வெளியே வருகிறது. 20 முறை துவைத்தாலும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாலியெஸ்டர் வலைக்கு மருந்தை மேலே பூசுவார்கள். கடைத்தெருவில் நாம் வாங்கும் சாதாரண வலையில் மருந்து எதுவும் கிடையாது. தோப்புக்காரர் உள்ளூரிலேயே வாங்கிக் கொடுப்பதாக இருந்தாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மருந்து வலையைப் பிரித்ததும் ஒரு நாள் நிழலில் விரித்துப் போட வேண்டும். துவைத்தாலும் நிழலில்தான் காயவைக்க வேண்டும், வெயில் மருந்தைக் கெடுத்துவிடும்.

பைரித்ராய்டுக்குக் கொசு பழகிவிட்டது என்று வாத்தியார் சொன்னதற்கு மாற்று வந்துவிட்டது. குளோர்ஃபெனபிர் என்ற இரண்டாவது மருந்தையும் சேர்த்த வலைகளை 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தான்சானியாவில் இரண்டு ஆண்டு நடந்த ஆய்வில், பழைய வகை வலையோடு ஒப்பிட, இது குழந்தைகளிடம் மலேரியாவை 44 விழுக்காடு குறைத்தது. விலை சற்றுக் கூடுதல். அப்படியும் அந்த வித்தியாசத்துக்குத் தகும்.

பதிவு 6 · சத்தியவேட்டுக்காரன்

ஆய்வாளர் ஐயா, அந்தத் தகரப்பெட்டிக் கதைக்கு நன்றி. என் கோபம் பாதி அடங்கியது. ஏரிக்கரையில் நான் பார்த்தவையும் பெரும்பாலும் கிழிந்த பழைய வலைகள்தாம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் இலவசம் என்பதில்தான் எனக்கு இன்னும் ஐயம். ஐம்பது ரூபாயாவது வாங்கிக்கொண்டு கொடுத்தால் வேண்டியவன் மட்டும் வாங்குவான், வாங்கியவன் கட்டுவான். சும்மா கிடைத்த பொருளுக்கு மதிப்பு ஏது?

பதிவு 7 · கணக்கு வாத்தியார்

சத்தியவேட்டு நண்பர் கேட்டதையே கேள்வியாக வைத்துப் பொருளியலாளர்கள் இருவர், ஜெசிகா கோஹெனும் பாஸ்கலின் துப்பாவும், கென்யாவில் கர்ப்பிணிகளுக்கான மருத்துவமனைகளில் ஆய்வு நடத்தி 2010இல் வெளியிட்டார்கள். வலையின் விலையை இலவசத்திலிருந்து 0.60 டாலருக்கு, அதாவது இன்றைய கணக்கில் நீங்கள் சொன்ன அதே ஐம்பது ரூபாய்க்கு, உயர்த்தியதும் வாங்குகிறவர்களின் பங்கு 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. காசு கொடுத்தவர்கள் இலவசமாகப் பெற்றவர்களைவிட அதிகமாகக் கட்டவுமில்லை. ஐம்பது ரூபாய் பொறுப்பற்றவரை வடிகட்டவில்லை. கையில் ஐம்பது ரூபாய் இல்லாதவரைத்தான் வடிகட்டியது. வசூலான சில்லறையால் திட்டச் செலவு குறைந்ததைவிட, ஊர் முழுக்கப் பரவும் பாதுகாப்பை இழந்ததே பெரிய நட்டம்.

நம் நாட்டுச் சான்று இவ்வளவு பளிச்சென்று இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒடிசாவில் 141 கிராமங்களில் அலெசாண்ட்ரோ தரோஸி முதலியோர் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிறுகடன் கொடுத்து வலை விற்றபோது 52 விழுக்காடு குடும்பங்கள் வாங்கின. கைக்காசுதான் தடை, மனம் இல்லாமல் இல்லை என்று அது காட்டியது. ஆனால் மலேரியா குறைந்ததா என்ற கேள்விக்குக் கலவையான விடையே கிடைத்தது. ஆய்வாளர் ஐயா சொன்ன மாட்டை நாடும் கொசுவுக்கு இதில் பங்கிருக்கலாம் என்பது என் ஊகம். ஊர் முழுவதும் வலை தொங்காமல் பாதி வீடுகளில் மட்டும் தொங்கியதற்கும் பங்கிருக்கலாம். அதே ஒடிசாவில் 2017 வாக்கில் அரசு ஒரு கோடிக்கு மேற்பட்ட மருந்து வலைகளைக் கொடுத்து, கூடவே எட்டாத மலைக்கிராமங்களில் காய்ச்சல் இல்லாதவர்களையும் சோதித்து மருந்து கொடுத்தபோது நோய் மளமளவென்று சரிந்தது. அந்தச் சரிவில் வலையின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

“கால் உயிர்” பற்றி. என் வகுப்பில் முப்பது பேருக்கு ஒரு டஜன் பெஞ்சு, பெஞ்சுக்கு இரண்டரைப் பேர் என்றால் அரைப் பையன் எங்கே உட்கார்ந்தான் என்று யாரும் கேட்பதில்லை. உங்களைப் போல நான்கு படிப்பகங்கள் அனுப்பினால் ஒரு குழந்தை பிழைக்கும். எந்தப் படிப்பகத்தின் வலையால் பிழைத்தது என்று சொல்ல முடியாது. 2023இல் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் 5,97,000 பேர். அவர்களில் 95 விழுக்காடு ஆப்பிரிக்கர்கள், பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். முகம் தெரியாததால் அவர்கள் இல்லாமல் போய்விடுவதில்லை.

பதிவு 8 · தோப்புக்காரன்

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. ஆய்வாளர் ஐயா எழுதியதைப் படித்தபின், முதலில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று நேற்று மாலை சூளைக்குப் போனேன்.

தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை. ஓர் அறைக்கு எட்டுப் பேர். வலை கட்ட ஆணி அடிக்கலாம் என்றால் சுவரே கிடையாது. பச்சைக் கல்லை மண் பூசாமல் அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஆணி அடித்தால் கல் பிளக்கும். உள்ளே சூடு தாங்காமல் பெரும்பாலோர் வெளியே சாக்கை விரித்துப் படுக்கிறார்கள். லாரி வந்தால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து கல் ஏற்றுகிறார்கள். மாசியில் காய்ச்சல் கண்ட இருவரில் ஒருவரிடம் அரைகுறை இந்தியில் வலை வேண்டுமா என்று கேட்டேன். ஊரில் சர்க்கார் கொடுத்த வலை இரண்டு இருக்கிறது, அம்மாவும் தங்கைகளும் அதில்தான் படுக்கிறார்கள் என்றார். பிறகு தானாகவே சொன்னார்: போன வாரம் அவருக்கு மறுபடியும் குளிர்காய்ச்சல் வந்ததாம், ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

மறுபடியும் எப்படி வரும்? அப்போதே மாத்திரை கொடுத்தார்களே.

பதிவு 9 · ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

அவருக்கு வந்தது வைவாக்ஸ் வகையாக இருக்கக்கூடும். அந்தக் கிருமி ரத்தத்தில் அழிந்தாலும் கல்லீரலில் உறங்கிக் கிடக்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து எழும். குளோரோகுயின் மூன்று நாள் கொடுத்தால் காய்ச்சல் நிற்கும். கல்லீரலில் உறங்குவதை அழிக்கப் பிரைமாகுயின் 14 நாள் விழுங்க வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நான்காம் நாள் மாத்திரையையும் விட்டுவிடுவது எங்கும் நடப்பது. கர்ப்பிணிகளுக்கும், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கும் அந்த மாத்திரை ஆகாது என்பதால், கடையில் வாங்கிக் கொடுக்க நினைக்காதீர்கள். சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். உடனே அவரைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், நாளைக்கே.

இந்த நிலையில் அவருக்கு நீங்கள் வலை கொடுத்திருந்தால், ஏற்கெனவே உடலுக்குள் இருக்கும் கிருமியை அது ஒன்றும் செய்திருக்காது. நோய் உள்ளவரை வலைக்குள் படுக்க வைத்தால் இங்குள்ள கொசு அவரைக் கடித்துப் பிறருக்குப் பரப்புவது குறையும், அவ்வளவுதான். உங்கள் ஊருக்குச் செலவுக்கேற்ற பலன் எது என்று என்னைக் கேட்டால், காய்ச்சல் கண்டவரை 24 மணி நேரத்துக்குள் சோதிப்பதும் 14 நாள் மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்க வைப்பதும்தான். ஒரு நாள் கூலியை ஈடுகட்டினால் அவர் சோதனைக்கு வருவார். இதற்கு 1,20,000 ரூபாய் வேண்டாம், 20,000 ரூபாயே ஓர் ஆண்டுக்குப் போதும்.

பதிவு 10 · கரூர்த் தறி

மீதியை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பதிவு பெற்ற அறக்கட்டளை தன் பணத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால் வருமானவரி விலக்கில் சிக்கல் வரும். தனி ஆட்கள் தங்கள் சொந்தப் பணத்தை ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் நன்கொடையாக அனுப்பலாம். ஆடிட்டரைக் கேட்காமல் படிப்பகத்தின் பெயரில் எதையும் செய்ய வேண்டாம்.

பதிவு 11 · தோப்புக்காரன்

நேற்றிரவு கமிட்டி கூடியது. ஊருக்குள் வலை விநியோகம் இல்லை என்று முடிவாயிற்று. 25,000 ரூபாயைச் சூளைத் தொழிலாளர்களின் சோதனைக்கும் கூலி ஈட்டுக்கும் ஒதுக்கியிருக்கிறோம். ஊர்ச் சுகாதாரத் தொண்டரான ஆஷா பணியாளர் அக்கா தினமும் மாலையில் போய் மாத்திரை கொடுக்க ஒப்புக்கொண்டார், அவருடைய ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் எங்கள் பொறுப்பு. மீதிப் பணம் விழாவுக்கு நன்கொடை தந்தவர்களுடையது என்பதால், அவர்களிடமே திருப்பித் தருகிறோம், விருப்பமுள்ளவர்கள் தங்கள் பெயரில் வலைக்கு அனுப்பட்டும் என்று அந்தப் பையன் சொன்ன யோசனை ஏற்கப்பட்டது. “கால் உயிர்” என்பதைப் பெரியவர் ஒருவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தம்முடைய 5,000 ரூபாயை அனுப்பச் சொல்லிவிட்டார்.

அந்த இளைஞருக்கு நேற்று கார்டு டெஸ்டில் வைவாக்ஸ் உறுதியானது. ஜி6பிடிக்கான ரத்தப் பரிசோதனை முடிந்து மருத்துவர் சரியென்றதும் பிரைமாகுயின் தொடங்கிவிட்டது. 14 கட்டம் போட்ட அட்டை ஒன்றைச் சூளைக் கணக்குப்பிள்ளை ஒடியாவில் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு கட்டத்தில் கரியால் கோடு இழுக்க வேண்டும். இன்று இரண்டாவது கோடு.

ஆய்வாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அந்த இளைஞர் எட்டாம் நாள் சொந்த ஊருக்கு ரயிலேறப் போகிறாராம். மீதி ஆறு மாத்திரையையும் கையில் கொடுத்து அனுப்பலாமா, அல்லது அந்த ஊர் ஆஷா பணியாளரின் எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டுமா?

பதிவு 12 · ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

இரண்டையும் செய்யுங்கள். அட்டையையும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.